தூதும் காவலும்

தொலைவில் உள்ளாரோடு பேசவேண்டும் என்னும் விழைவு மக்களுக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. அன்னத்தையும் கிளியையும் முகிலையும் தூது விடுவதாகப் பாடிய புலவர் நம் மொழியிற் பலர். தூது என்பதைச் சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்றாகவே நம் முன்னோர் வகுத்து வைத்தனர். திருவள்ளுவரோ அரசியலுக்கு வேண்டும் உறுப்பாகக் கருதித் தூதிற்கென ஓர் அதிகாரமே அமைத்தார். அவ்வதிகாரத்திற்கு உரை வகுத்த பரிமேலழகர் தூதரை இருவகையினராகப் பிரித்துக் காட்டுவார். சொல்ல வேண்டுவதனைத் தானே வகுத்துக்கொண்டு சொல்பவன் ஒருவன். சொல்லி விடுத்ததனைச் சொல்லியவாறே சென்று சொல்பவன் மற்றொருவன். இப்பாகுபாட்டை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுதல் வேண்டும். இணையத்தின் வழியாக இருவர் தொலைபேசியில் உரையாடும்போது, அவர்களுக்கிடையே கண்ணுக்குப் புலப்படாமல் நின்று பணிபுரியும் கணினி ஒன்று உண்டு. அஃது அவ்விரண்டாம் வகைத் தூதனை ஒத்தது. அதன் இயல்பையும், அதனைப் பொது வலையமைப்பிற் கொண்டுபோய் நிறுத்துவோர் ஏற்கவேண்டிய பொறுப்பையும் இப்பாடத்திற் காண்போம்.

அக்கணினியைப் ‘பதிலாள் வழங்கி’ என இக்காலத்தார் வழங்குவர். ‘ப்ராக்சி’ என்று ஆங்கிலச் சொல்லையே ஆள்வாரும் உளர். பதில் என்பது அரபு மொழியினின்று வந்து தமிழில் ஊறிப்போன சொல். வந்த சொல் என்பதனால் அதனை யான் வெறுக்கவில்லை. ஆனால், பதிலாள் எனின் ஒருவனுக்கு மாற்றாக நின்று அவன் வேலையைத் தான் செய்பவன் என்றே பொருள்படும். இக்கணினி யாருக்கும் மாற்றாகப் பேசுவதில்லை. ஒருவர் அழைப்பை மற்றொருவரிடம் சேர்ப்பித்து, அவர் விடையைக் கொண்டுவந்து தருகின்றது. ஆகலின் தூதுக்கணினி என்று அதனை அழைத்தல் பொருந்தும் என்பது என் கருத்து. இப்பாடம் முழுதும் அப்பெயரையே ஆளுவேன்.

முதலில் இணையத் தொலைபேசி யாது என்பதை அறிதல் வேண்டும். பழைய தொலைபேசியில் இருவர் பேசத் தொடங்கினால், பேச்சு முடியும் வரையில் அவர்களுக்கென்றே ஒரு வழி ஒதுக்கப்பட்டிருக்கும். அவர்கள் பேசாது வாளா இருந்தாலும் அவ்வழி பிறர்க்குப் பயன்படாது. இணையத்தில் அவ்வாறு தனிவழி இல்லை. பேசுவோர் குரல் எண்களாக மாற்றப்படுகின்றது. ஜி.711 என்னும் பழைய முறையில் ஒரு நொடிக்கு 8000 முறை ஒலியின் அளவு குறிக்கப்படும். நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் திரண்ட 160 அளவுகளை ஒரு பொதியாகக் கட்டி அனுப்புவர். இவ்வாறு நொடிக்கு 50 பொதிகள் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் விரைகின்றன. ஒவ்வொரு பொதியும் தன்மேல் எழுதப்பட்ட முகவரியைக் கொண்டே வழி தேடிச் செல்லும்.

முகவரி என்றவுடன் இடர் ஒன்று எழுகின்றது. பேச விரும்பும் ஒருவர் இப்பொழுது எங்கு உள்ளார்? காலையில் வீட்டிலும், நண்பகலில் அலுவலகத்திலும், மாலையில் பேருந்திலும் உள்ள ஒருவரது கருவி இடத்துக்கிடம் வெவ்வேறு எண் முகவரியைப் பெறுகின்றது. அவர் பெயர் ஒன்றே. இருப்பிடமோ நொடிதோறும் மாறலாம். பெயரைக் கூறினால் இருப்பிடத்தைத் தேடி அழைப்பைச் சேர்க்கவல்லது ஒன்று நடுவே இருத்தல் வேண்டும். தூதுக்கணினி பிறந்தது இத்தேவையினால்தான்.

இலக்கண நூலார் காலந்தோறும் எடுத்துக்காட்டிற்கு ஆண்டு வந்த சாத்தனையும் கொற்றனையும் ஈண்டும் துணைக்கு அழைப்போம். கொற்றனது கருவி, தான் விழித்தெழுந்தவுடன், “யான் இப்போது இந்த எண் முகவரியில் உள்ளேன்” என்று அறிவித்துத் தன்னைப் பதிவு செய்துகொள்ளும். ஒரு மணி நேரம் என்பது போன்ற எல்லை ஒன்று அப்பதிவுக்கு உண்டு. எல்லை கடக்குமுன் புதுப்பித்தல் வேண்டும். பின்னர்ச் சாத்தன் கொற்றனை அழைக்கின்றான். கொற்றனது பெயர் மின்னஞ்சல் முகவரி போன்றதே. சாத்தன் கருவி விடுத்த அழைப்போலையைத் தூதுக்கணினி வாங்கிக்கொண்டு, ‘முயல்கின்றேன்’ என்னும் பொருளுடைய 100 என்ற எண்ணை அவனுக்கு உடனே தரும். பதிவேட்டைப் புரட்டிக் கொற்றன் இருப்பிடத்தைக் கண்டு ஓலையை அங்குச் சேர்க்கும். ஆங்கே மணி ஒலித்தால் 180 என்ற விடையும், கொற்றன் எடுத்துப் பேசினால் 200 என்ற விடையும் சென்ற வழியே திரும்பி வரும். அப்பெயருடையார் ஒருவரும் இலர் எனின் 404 என்ற எண் வரும். இணையத்தில் உலவும் மாணவர் இவ்வெண்ணைக் கண்டு சலித்திருப்பர். அதுவும் இதுவும் ஒரே பொருளினவே.

இத்தனையும் அழைப்பைப் பற்றியது. பேச்சோ இதனின் வேறு. 200 என்ற விடை வந்தபின், இயன்றவிடத்துச் சாத்தன் கருவியும் கொற்றன் கருவியும் குரற்பொதிகளைத் தமக்குள் நேராகவே மாற்றிக்கொள்ளும். தூதுக்கணினி, மணம் பேசி முடித்த தரகர் பந்தலுக்கு வெளியே வந்து நிற்பதுபோல, விலகி நிற்கும். நொடிக்கு 50 பொதிகளைச் சுமக்கும் வேலை அதற்கு இல்லை. ஆகையால் எளியதொரு கணினியும் மிகப்பல அழைப்புகளுக்குத் தூது செல்லவல்லதாகின்றது. ‘ஆஸ்டெரிஸ்க்’ முதலிய வேறு சில மென்பொருள்களோ ஓர் அழைப்பைத் தம்மிடமே முடித்துக்கொண்டு, மறுபக்கத்தில் தாமே மற்றோர் அழைப்பைத் தொடங்கும். அவை பரிமேலழகர் காட்டிய முதல்வகைத் தூதனைப் போன்றன. ஆற்றல் மிகுதி, சுமையும் மிகுதி.

இவ்வழைப்பு நெறிமுறைக்குச் ‘சிப்’ என்பது பெயர். 1996-ஆம் ஆண்டில் அறிஞர் சிலர் தனித்தனியே எழுதிய இரண்டு முன்வரைவுகள் ஒன்றாகி, 1999 மார்ச்சுத் திங்களில் முறையான நெறியாக வெளிவந்தன. ஹென்னிங் ஷுல்ஸ்ரின், மார்க் ஹாண்ட்லி, ஈவ் ஸ்கூலர், ஜோனதன் ரோசன்பர்க் ஆகியோர் அதன் ஆசிரியர்கள். 2002 ஜூன் திங்களில் அது திருத்தி விரிக்கப்பட்டது. இன்றும் அடிப்படையாக நிற்பது அவ்விரிவே.

நெறியை ஏட்டில் எழுதுதல் ஒன்று. அதனை உலகோர் கையாளும்படி நிறுவிக் காட்டுதல் மற்றொன்று. செருமனி நாட்டுப் பெர்லின் நகரில் ஃபிரான்ஹோஃபர் கழகத்தின் ஃபோகஸ் ஆய்வு நிலையத்தார் 2001-ஆம் ஆண்டில் ‘சிப் எக்ஸ்பிரஸ் ரவுட்டர்’ என்னும் தூது மென்பொருளை இயற்றத் தலைப்பட்டனர். தம் ஆய்வுக்கூடத்தின் நான்கு சுவர்களுக்குள் அதனை அடைத்து வையாது, ‘ஐப்டெல்’ என்னும் பெயரால் பொது இணையத்தில் நிறுத்தி, விரும்பினார்க்கெல்லாம் பொருள் பெறாமல் சிப் முகவரி வழங்கினர். மென்பொருளின் மூலநிரலையும் மறையாது வெளியிட்டனர். அதிலிருந்து 2005-இல் ‘ஓப்பன்செர்’ என்னும் கிளை பிரிந்தது. அக்கிளை 2008-இல் பெயர் மாறிக் ‘கமைலியோ’ ஆயிற்று; அவ்வாண்டிலேயே ‘ஓப்பன்சிப்ஸ்’ என்னும் மற்றொரு கிளையும் தோன்றியது. கமைலியோ என்பது ஹவாய்த் தீவினர் மொழிச்சொல். உரையாடுதல் என்று பொருள்படும். தமிழாசிரியனாகிய எனக்கு அப்பெயரில் ஒரு தனி இன்பம். எண்ணும் எழுத்துமாகிய குறுக்கங்களால் பெயரிடும் பழக்கமுடைய துறையில், பொருளுடைய சொல்லொன்றைத் தேடிச் சூட்டியவர்களை வாழ்த்தாமல் இருத்தல் இயலவில்லை.

இம்மென்பொருளில் அறிந்துகொள்ள வேண்டிய சிறப்பு ஒன்று உண்டு. எவ்வழைப்பை ஏற்பது, எதனை மறுப்பது, எங்குச் செலுத்துவது என்பனவற்றை அது தானே தீர்மானிப்பதில்லை. நிறுவுவோர் எழுதிக் கொடுக்கும் நெறியேடு ஒன்றை வரிவரியாகப் படித்து அதன்படியே ஒழுகும். ஏட்டில் இல்லாத நற்பண்பு எதுவும் அதனிடம் எதிர்பார்க்கத்தக்கதன்று. இதனை மறவாமல் மேலே செல்வோம்.

ஓர் அலுவலகத்தின் உள்வலையில் மட்டும் தூதுக்கணினியை நிறுத்துதல் எளிது. அங்கு எல்லாரும் ஒரு கூரையின்கீழ் உள்ளவர்; ஒருவர் முகவரி மற்றவர்க்கு நேராகத் தெரியும். பொது வலையமைப்பிலோ முதற்கண் முகவரிச் சிக்கல் எதிர்ப்படும். இணையத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் எண் முகவரிகள் ஏறத்தாழ 429 கோடியே. உலகிலுள்ள கருவிகளுக்கு அவை போதா. ஆகவே சில எண் தொகுதிகளை வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் வழங்குவதற்கென 1994-இல் ஒதுக்கினர். 192.168 என்று தொடங்கும் முகவரிகளை மாணவர் பார்த்திருக்கலாம். ஒவ்வொரு வீட்டிலும் அதே எண்கள் இருக்கும். வெளியே செல்லும்போது வீட்டு வாயிலிலுள்ள ரவுட்டர் அவ்வெண்ணை நீக்கி, வெளியுலகு அறிந்த தன் எண்ணை இட்டு அனுப்புகின்றது.

இணையப் பக்கத்தைப் படிப்போருக்கு இதனால் தீங்கில்லை. தொலைபேசிக்கோ பெருந்தீங்கு. ஏனெனில், கொற்றன் கருவி தன் இருப்பிடத்தை ஓலையின் உள்ளேயும் எழுதுகின்றது. உள்ளே எழுதியது வீட்டெண். உறையின்மேல் உள்ளது ரவுட்டரின் எண். தெருப்பெயரின்றி ‘நடு அறை’ என்று மட்டும் முகவரி எழுதி வெளியூர் நண்பனுக்குக் கடிதம் விடுப்பது போன்றது இது. உள்ளே எழுதியதை நம்பித் தூதுக்கணினி விடை அனுப்புமாயின் அவ்விடை ஒருநாளும் சென்று சேராது. ஆதலின் பொது வலையில் நிற்கும் தூதுக்கணினி, ஓலையின் உள்ளுரையை அப்படியே விட்டுவிட்டு, உறை உண்மையில் எவ்வெண்ணிலிருந்து, எவ்வாயிலிலிருந்து வந்தது என்பதை மேற்குறிப்பாக எழுதிக்கொள்ளும். விடையை அக்குறிப்பின்படி செலுத்தும். இதற்குரிய விதியைத் துறையறிஞர் 2003-இல் வகுத்தனர்.

அதனோடும் அமையாது. ரவுட்டர் திறந்த வாயில் சிறிது நேரம் போக்குவரவு இன்றேல் தானே மூடிக்கொள்ளும். மூடியபின் வெளியிலிருந்து வரும் அழைப்பு உள்ளே புகாது. கொற்றன் தான் பிறரை அழைக்க வல்லனாவான். அவனை ஒருவராலும் அழைக்க இயலாது. அரை நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு சிறு பொதியை அனுப்பி அவ்வாயிலைத் திறந்தே வைத்திருப்பது வழக்கம். உறங்கும் காவலனை அடிக்கடி தட்டி எழுப்புவது போன்றதே இது.

இனிக் குரற்பொதிகளின் நிலை யாது? இரு கருவிகளும் தத்தம் வீட்டுக்குள் மறைந்திருந்தால் நேராகப் பொதி மாற்றிக்கொள்ள இயலாதொழியும். மணி ஒலிக்கும், எடுப்பர், ஆனால் ஒருவர் பேசுவது மட்டுமே கேட்கும், அன்றி இருவர்க்கும் ஒன்றும் கேளாது. இணையத் தொலைபேசியை நிறுவத் தொடங்குவோர் பெரும்பாலார் முதலிற் சந்திக்கும் இடர்ப்பாடு இதுவே. அழைப்பின் வழியும் குரலின் வழியும் வேறு என்பதனை மறந்தமையால் அவர்கள் தூதுக்கணினியையே நாள் முழுதும் ஆராய்ந்துகொண்டிருப்பர். குறை அதனிடம் இராது. பொது முகவரியுடைய ஓரிடத்தில் குரற்பொதிகளை வாங்கி மறுபக்கம் தள்ளும் துணைக்கணினி ஒன்றை அமைத்தல் வேண்டும். 10000 முதல் 20000 வரை என்றாற்போல வாயில் எண்களின் வரம்பு ஒன்றை அதற்கு ஒதுக்கி, அரண்மதிலிலும் அவ்வரம்பைத் திறந்து வைத்தல் வேண்டும். அழைப்புக்குரிய வாயில் எண் 5060. மறைமொழியில் வரும் அழைப்புக்கு 5061. வீட்டு ரவுட்டர்கள் சில, உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு, சிப் ஓலையைத் தாமே திருத்தி அனுப்பும். திருத்தம் என்பது அறிந்தோர் செய்தால் நன்று. இவை செய்யும் திருத்தத்தால் நேரும் குழப்பத்தை நோக்கி, அவ்வசதியை அணைத்துவிடுமாறே அனுபவமுடையோர் கூறுவர்.

தூதுக்கணினிக்கும் தன் முகவரி தெரிந்திருத்தல் வேண்டும். இக்காலத்தில் வாடகைக்குக் கணினி தரும் நிறுவனங்கள் பலவற்றில், அக்கணினிக்கு உள்ளே ஒரு தனி எண்ணும் வெளியே ஒரு பொது எண்ணும் இருக்கும். உனது வெளிமுகவரி இன்னது என்று நெறியேட்டில் எழுதிக் கொடாவிடின், அது தன் வீட்டெண்ணையே உலகுக்கு அறிவித்துக்கொண்டிருக்கும். கடந்து செல்லும் ஒவ்வோர் ஓலையின்மீதும் தூதுக்கணினி தன் பெயரைப் பொறிப்பது வழக்கம். விடை அப்பெயர்களை ஒவ்வொன்றாகக் களைந்துகொண்டு வந்தவழியே திரும்பும். பெயர் பிழையாயின் விடை வழிதப்பும். ஓலையில் 70 என்று தொடங்கும் ஓர் எண்ணும் உண்டு. கைமாறுந்தோறும் ஒன்று குறையும். இரு தூதுக்கணினிகள் ஒன்றையொன்று சுட்டிப் பந்தாடுமாயின், அவ்வெண் சுழியாகி 483 என்ற விடையோடு ஓலை நின்றுவிடும். இன்றேல் ஓரழைப்பு முடிவின்றிச் சுழன்றுகொண்டே இருக்கும் அன்றோ?

இதுகாறும் கூறியது தூதின் பகுதி. இனிக் காவலைப் பற்றிக் கூறவேண்டும். பொது வலையில் நிற்றல் என்பது யாவரும் வந்து கதவைத் தட்டக்கூடிய பெருந்தெருவில் நிற்றலாகும். தட்டுவோர் அனைவரும் நல்லோர் அல்லர். 2011-ஆம் ஆண்டு ஜனவரி 31 முதல் பிப்ரவரி 12 வரை நிகழ்ந்த ஒன்றைக் கேளுங்கள். ‘சாலிட்டி’ என்னும் தீநிரலால் பற்றப்பட்டு, உடையவர் அறியாமலே பிறர் ஏவலுக்கு ஆட்பட்ட கணினிகள், உலகின் எண் முகவரிகள் அனைத்தையும் வரிசைப்படுத்திச் சிப் வழங்கி எங்குள்ளது என்று தேடின. ஒவ்வொரு முகவரியின் 5060-ஆம் வாயிலுக்கும் சிறியதொரு பதிவோலை சென்றது. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார், யாரும் குடியிராத முகவரித் தொகுதி ஒன்றை வைத்துக்கொண்டு, அங்கு வழிதவறி வரும் பொதிகளை நோக்குவதையே ஆய்வாகக் கொண்டவர்கள். அவர்கள் கணக்கிட்டபோது தேடிய முகவரிகள் ஏறத்தாழ 30 லட்சம் என்று தெரிந்தது. ஒரே முகவரியிலிருந்து பல பொதிகள் வந்தால் ஐயுறலாம். 30 லட்சம் முகவரிகள் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு அமைதியாகத் தேடினால் யாரை ஐயுறுவது?

இவ்வாறு தேடுவது எதற்கு? பணத்திற்கே. நம் தூதுக்கணினி பெரும்பாலும் ஏதேனும் ஒரு தொலைபேசி நிறுவனத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். அதன் வழியே பொதுத் தொலைபேசி எண்களையும் அழைக்கலாம். கட்டணம் நம் கணக்கில் ஏறும். அழைப்பு வருந்தோறும் கட்டணத்தில் பங்கு கிடைக்கும் எண்களைத் திருடர் அயல்நாடுகளில் முன்னரே பெற்று வைத்திருப்பர். காவலற்ற தூதுக்கணினி கிடைத்தவுடன் அதன் வழியே அவ்வெண்களை இடைவிடாது அழைப்பர். அலுவலகம் பூட்டிய விடுமுறை இரவே அவர்களுக்கு உகந்த காலம். மறுநாட் காலையில் உரியவர் வந்து பார்க்கும்போது கட்டணச் சீட்டு மட்டுமே எஞ்சியிருக்கும். வேறொரு வகையினர், பிறர் வழங்கியைக் களவாகப் பயன்படுத்திக்கொண்டு, தாம் தொலைபேசி வணிகம் செய்வதாகக் காட்டி நிமிடங்களை விற்பர். மியாமி நகரத்தவன் ஒருவன் இவ்வாறு ஒரு கோடி நிமிடங்களுக்கு மேல் விற்றதாக அமெரிக்க அரசு 2006-இல் வழக்குத் தொடுத்தது. அவன் நாட்டைவிட்டு ஓடிப் பின்னர்ப் பிடிபட்டு, 2010-இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றான். அவனுக்குத் துணைநின்றவன் நுழைந்த கருவிகளிற் பல, செய்தவர் இட்ட முதற் கடவுச்சொல்லை உடையவர் மாற்றாமலே விட்டவை. களவாடியவன் குற்றம் பெரிது, அதில் ஐயமில்லை. ஆயினும் கதவுக்குப் பூட்டிட்டுத் திறவுகோலைப் பூட்டிலேயே விட்டுச் சென்றவரை என்னென்பது!

காவல் எவ்வாறு அமைதல் வேண்டும்? நெறியேட்டில் எழுதவேண்டிய தலையாய வினா ஒன்று உண்டு. இவ்வழைப்பு நம்மவரிடமிருந்து வருவதா, அன்றி நம்மவருக்குச் செல்வதா? நம்மவருக்கு வருவதாயின் யார் அழைத்தாலும் ஏற்கலாம். வீட்டுக்கு வரும் விருந்தினரைப் பெயர் கேட்டுத் துரத்துவார் இல்லை. நம்மவரிடமிருந்து வெளியே செல்வதாயின் அவர் நம்மவர்தாம் என்பதை மெய்ப்பித்தபின்பே ஏற்றல் வேண்டும். இரண்டும் அன்றி, அயலான் ஒருவன் மற்றோர் அயலானை அழைப்பதற்கு நம் தூதுக்கணினியைக் கருவியாக்குவானாயின் மறுத்தல் வேண்டும். இவ்வொரு வினாவை எழுதாது விட்டதனால் பொருளிழந்தவர் பலர்.

நம்மவர் என்பதை மெய்ப்பிக்கும் முறை அழகியது. கடவுச்சொல்லை வழியிற் கூவிக்கொண்டு வருதல் ஆகாது. இடையில் ஒற்றுக் கேட்போர் இருப்பர். ஆகையால் தூதுக்கணினி முதலில் 407 என்ற மறுப்பை விடுத்து, அதனோடு முன்பின் வாராத ஒரு புதுச்சொல்லையும் தரும். கருவி அப்புதுச்சொல்லையும் தன் கடவுச்சொல்லையும் பிறவற்றையும் ஒன்றாக்கி, கணித முறையால் அரைத்து, அரைத்த மாவை மட்டும் திருப்பி அனுப்பும். மாவைக் கண்டு நெல்லை மீட்டல் இயலாது. தூதுக்கணினியும் தன்னிடமுள்ள குறிப்பைக்கொண்டு அவ்வாறே அரைத்துப் பார்த்து, இரண்டும் ஒத்தால் வழிவிடும். புதுச்சொல் மாறிக்கொண்டே இருத்தலின், பழைய விடையைத் திருடி வைத்திருப்போனுக்குப் பயனில்லை. ஆனால், கடவுச்சொல் எளிதாயின் இவ்வழகெல்லாம் வீண். 101 என்னும் பெயருடைய கருவிக்கு 101 என்றே கடவுச்சொல் இடுவார் இன்றும் உளர். தேடுவோர் முதலில் சோதிப்பது அதனையே. அரைக்கும் முறையும் காலத்தால் தளர்வதுண்டு. பழைய ‘எம்.டி.5’ முறை வலிமை குன்றியமையால், 2020-இல் ‘ஷா-256’ முதலிய வலிய முறைகளையும் கொள்ளலாம் என்று நெறி விரிக்கப்பட்டது.

காவலுக்கெனக் கூறப்படும் உத்திகள் வேறு பலவும் உள. சிப் வழங்கிகளைச் சோதிப்பதற்கென 2007-இல் வெளிவந்த ஒரு கருவித்தொகுதி, தன்னை ‘ஃபிரெண்ட்லி ஸ்கேனர்’, அதாவது நட்புடைய நோட்டக்காரன் என்று ஓலையில் அறிவித்துக்கொண்டு வரும். நல்லோர் சோதனைக்கு எழுதிய அதனைத் தீயோரும் எடுத்துக்கொண்டனர். அப்பெயர் தாங்கிய ஓலைகளை வாயிலிலேயே கிழித்தெறியுமாறு எழுதுதல் வழக்கம். தவறில்லை, ஆனால் பெயரை மாற்றிக்கொண்டு வருவோனை அது தடுக்காது. சில நொடிகளுக்குள் அளவுக்கு மீறி ஓலை விடுக்கும் முகவரியைச் சிறிது காலம் விலக்கி வைத்தல் அதனினும் நன்று. அழையாத நாடுகளின் எண்களை முன்னரே அடைத்து வைத்தலும், ஒரு நாளைக்கு இவ்வளவே செலவு என்று தொலைபேசி நிறுவனத்திடம் வரம்பு கேட்டுப் பெறுதலும் என் மதிப்பில் இவை எல்லாவற்றினும் சிறந்தவை. மற்றக் காவல்கள் தவறினும் இவை இழப்பைச் சிறிதாக்கும்.

காவல் என்றவுடன் வெளியாரை மட்டும் எண்ணிவிடுதல் ஆகாது. அழைப்பை மறைமொழியில் அனுப்பினாலும், குரலை மறைமொழியில் மூடினாலும், யார் யாரை எந்நேரத்தில் அழைத்தார் என்பது தூதுக்கணினிக்குத் தெரியும். ஓலையைப் படித்தாலன்றோ வழிகாட்ட இயலும்? அக்குறிப்புகள் அதன் ஏட்டில் எழுதப்பட்டு நிற்கும். ஊரார் ஆயிரவரின் உறவும் பகையும் நோயும் கடனும் அவ்வேட்டிலிருந்து ஊகிக்கக்கூடியன. ஆகவே தூதுக்கணினியை நிறுவுவோர், அவ்வேட்டினை யார் படிக்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பவற்றைத் தொடக்கத்திலேயே முடிவு செய்து எழுதி வைத்தல் கடமை. அவசர உதவிக்கு அழைப்போர் நிலையும் அவர் பொறுப்பிலேயே அடங்கும். நம் நாட்டில் அவசர எண் 112. பெயரால் அறியப்படும் இணையத் தொலைபேசி, அழைப்பவர் எவ்வூரில் எத்தெருவில் உள்ளார் என்பதைத் தானாக அறியாது. மின்சாரம் நின்றால் ரவுட்டரும் நின்றுவிடும். இதனைப் பயன்படுத்துவோர்க்கு முன்னரே சொல்லிவிடுதல் வேண்டும்.

எல்லாம் அமைத்து முடித்தபின் சோதித்தல் எஞ்சியுள்ளது. உள்ளிருந்து சோதிப்பதால் பயன் சிறிது. அலுவலக வலையில் அழகாகப் பேசிய கருவி வெளியே ஊமையாவதுண்டு. ஆகலின் ஒரு கருவியை வீட்டு ரவுட்டரின் பின்னும், மற்றொன்றைக் கைபேசி வலையிலும் வைத்து, இருவர் குரலும் இருபுறமும் கேட்கின்றதா என்று ஐந்து நிமிடமேனும் பேசிப் பார்த்தல் வேண்டும். பேசாது அரைமணி நேரம் விட்டுவைத்து, பின்னர் அழைத்தாலும் மணி ஒலிக்கின்றதா என்பதையும் நோக்குதல் வேண்டும். ஒருவர் வைத்தவுடன் அழைப்பு முடிந்ததெனக் கணக்கேட்டில் பதிவாயிற்றா என்பது மூன்றாவது. இறுதியாக, பதிவும் கடவுச்சொல்லும் இல்லாத ஓர் அயற் கருவியை எடுத்துக்கொண்டு, நம் தூதுக்கணினியிடம் வெளிநாட்டுத் தொலைபேசி எண் ஒன்றைச் சேர்க்குமாறு கேட்டல் வேண்டும். 180 என்ற விடையோடு எங்கோ மணி ஒலிக்குமாயின் அன்றிரவே அதனை வலையினின்று கழற்றிவிடுக. 407 திரும்பி வருமாயின், மறுநாட் காலை ஊரார்க்கு அதன் முகவரியை அறிவிக்கலாம்.